உண்மையான கிறிஸ்தவன் யாரு? ஒரே வீட்டுக்குள்ள ஏன் இத்தனை பதில்

நம்ம இலங்கை மலையகத்துல ஒரே குடும்பத்துக்குள்ள மூணு விதமான கிறிஸ்தவங்க இருக்கிறது சாதாரண விஷயம். அம்மாச்சி கத்தோலிக்கம், மாதா படத்துக்கு முன்னாடி செபமாலை சொல்லாம தூங்க மாட்டாங்க, மாமா குடும்பம் அங்கிலிக்கன் இல்லாட்டி மெதடிஸ்ட், சித்தி கொஞ்ச வருஷத்துக்கு முந்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போக ஆரம்பிச்சு பொட்டையும் தோட்டையும் கழட்டி வச்சவங்க. எல்லாரும் கும்பிடுறது ஒரே இயேசுவைத்தான், ஆனா நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வந்து தோட்டத்து மயானத்துல மெழுகுவர்த்தி கொளுத்தப் போகும்போது யாராவது ஒருத்தர் "இதெல்லாம் வேதத்துல எங்க இருக்கு, உண்மையான கிறிஸ்தவன் இதைச் செய்ய மாட்டான்"னு சொல்லிருவாங்க, அவ்வளவுதான், கிறிஸ்மஸ் வந்தாலும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் பலகாரத் தட்டு அனுப்ப மாட்டாங்க.

சர்ச் பக்கம் புதுசா வந்தவங்களுக்கும், சைவக் குடும்பத்துல பிறந்து பக்கத்து காம்பராவுல நடக்கிற இந்த வாக்குவாதத்தைக் கேட்டு "இவங்களுக்குள்ள அப்படி என்னதான் பிரச்சினை"ன்னு யோசிக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். நான் நினைக்கிறதை முதல்லயே சொல்லிடுறேன். ஆளாளுக்கு வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லிக்கிட்டு, எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்றோம்னு நினைக்கிறதாலதான் இந்தச் சண்டையில பாதி வருது. தோட்டத்துல செக்ரோல்ல, அதாவது வேலையாட்கள் பதிவேட்டுல, பேர் பதிஞ்ச ஆளு யாருன்னு கேக்குறது ஒண்ணு, மலையில நல்லா கொழுந்து எடுக்கிற ஆளு யாருன்னு கேக்குறது வேற ஒண்ணு, ரெண்டுக்கும் "தோட்டத்து ஆளு"ன்னுதான் பதில் வரும், ஆனா பேரு பதியாமலே வேலை தெரிஞ்சவங்களும் இருக்காங்க, பேரு பதிஞ்சும் மலைக்குப் போகாதவங்களும் இருக்காங்க. அதே மாதிரிதான் "எப்படி உள்ள வர்றது", "எதை நம்பணும்", "எப்படி வாழணும்", "இதையெல்லாம் தீர்மானிக்கிறது யாரு" எல்லாம் தனித்தனிக் கேள்வி.

நம்ம நாட்டுல இந்தப் பிரிவு ஸ்கூல்லயே தொடங்கிருது. ஓ.எல் (சாதாரண தரப்) சோதனைக்கு கத்தோலிக்கம் ஒரு பாடம், கிறிஸ்தவம் வேற பாடம், புத்தகமும் வேற. சனத்தொகைக் கணக்கெடுப்புலயும் ரோமன் கத்தோலிக்கம் தனியா, ஏனைய கிறிஸ்தவம் தனியா. அதனால "நீங்க கத்தோலிக்கமா கிறிஸ்தவமா"ன்னு யாராவது கேட்டா நமக்கு அது வித்தியாசமாவே படுறதில்ல. 2012 கணக்குப்படி எல்லா சபையையும் சேர்த்தாலும் நாட்டுல கிறிஸ்தவங்க 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலதான், அதுலயும் பெரும்பங்கு கத்தோலிக்கர். இவ்வளவு சின்னக் கூட்டத்துக்குள்ள இவ்வளவு கோடு.

இது இன்னைக்கு நேத்து வந்த சண்டையும் இல்ல. அந்தியோகியாவுலதான் சீஷர்களுக்கு முதமுதலா கிறிஸ்தவர்கள்னு பேரு வந்துச்சுன்னு அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரம் சொல்லுது, நாலே அதிகாரம் தள்ளி 15ஆம் அதிகாரத்துல அதே அந்தியோகியாவுல "விருத்தசேதனம் பண்ணிக்காட்டி உங்களுக்கு இரட்சிப்பு இல்ல"ன்னு (விருத்தசேதனம்னா யூத ஆண்களுக்கு நுனித்தோலை வெட்டுற சடங்கு, இரட்சிப்புன்னா பாவத்துல இருந்து மீட்பு) சிலர் வந்து போதிக்கிறாங்க, பெரிய வாக்குவாதம் ஆகி பவுலும் பர்னபாவும் எருசலேமுக்கே போக வேண்டி வந்துச்சு. யூதர் அல்லாதவங்க இயேசுவை நம்புனா போதுமா இல்ல முதல்ல யூதனா மாறணுமா, அதுதான் கேள்வி. பேதுரு எந்திரிச்சு, நம்ம முன்னோராலயும் நம்மாலயும் சுமக்க முடியாத நுகத்தை இவங்க கழுத்துல ஏன் வைக்கிறீங்கன்னு கேட்டாரு, கடைசியில விருத்தசேதனம் தேவையில்லன்னு முடிவாச்சு. அதோட சேர்த்து விக்கிரகத்துக்குப் படைச்ச சாப்பாடு, ரத்தம் மாதிரி நாலு விஷயத்துக்கு மட்டும் விலகி இருக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி அனுப்பினாங்க. இந்த அதிகாரத்தை ஒரு தடவையாவது முழுசா வாசிங்க, பின்னாடி பொட்டு, தப்பு மேளம், தீபாவளிப் பலகாரம் பத்திப் பேசும்போது இது தேவைப்படும்.

இப்ப ரொம்பப் பெரிய சண்டைக்கு வர்றேன், ஞானஸ்நானம், அதாவது தண்ணியால ஒருத்தரைச் சபையில சேர்த்துக்கிற சடங்கு. கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்ட் மூணு பேரும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுப்பாங்க, தலையில தண்ணி ஊத்துவாங்க, பெத்தவங்களும் ஞானப் பெற்றோரும் பிள்ளைக்காக விசுவாசத்தை அறிக்கையிடுவாங்க, பிள்ளை வளர்ந்ததும் அதைத் தானே ஏத்துக்கிறதுக்கு கத்தோலிக்கத்துல உறுதிப்பூசுதல், அங்கிலிக்கன்ல திடப்படுத்தல்னு ஒரு சடங்கு இருக்கு. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, அசெம்பிளி ஒஃப் கோட் மாதிரி சபைகள்ல அப்படி இல்ல, விவரம் தெரிஞ்ச ஆளு மனந்திரும்பி தன் வாயால சொல்லணும், பிறகு ஆத்துலயோ தொட்டியிலயோ முழுசா முங்கி எந்திரிக்கணும். மாற்கு 16:16ல விசுவாசித்து ஞானஸ்நானம் பெறுகிறவன்னுதானே இருக்கு, முதல்ல விசுவாசம் பிறகுதான் தண்ணின்னு இவங்க சொல்றாங்க. அப்போஸ்தலர் 16ல சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரோடயும் ஞானஸ்நானம் எடுத்தான்னு இருக்கே, வீட்டார்னா அதுல பிள்ளைகளும் வரும்லன்னு குழந்தைக்குக் கொடுக்கிறவங்க கேக்குறாங்க.

இதுல புதுசா வர்றவங்க தவறாம ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். சித்தி பெந்தெகொஸ்தேக்குப் போயி முழுக்கு எடுத்ததும் அம்மாச்சி அழுதாங்கன்னா ஏன் அழுதாங்க? கத்தோலிக்கத்துல ஞானஸ்நானம் ஒரே தடவைதான், அது ஆத்துமாவுல அழியாத முத்திரை, அதை இன்னொரு தடவை எடுக்கிறது கடவுள் செஞ்சதைச் செல்லாதுன்னு சொல்ற மாதிரி. அதனால ஒரு மெதடிஸ்ட் ஆளு கத்தோலிக்கத்துக்கு வந்தாகூட, தண்ணியில பிதா சுதன் பரிசுத்த ஆவி பேர்ல எடுத்திருந்தா அவருக்கு மறுபடியும் கொடுக்க மாட்டாங்க. ஆனா சித்தி பார்வையில அவங்க ரெண்டாவது ஞானஸ்நானம் எடுக்கவே இல்ல, இப்ப எடுத்ததுதான் முதலாவது, குழந்தையில நடந்தது தனக்குத் தெரியாம நடந்த ஒரு சடங்கு. அம்மாச்சி "நான் கொடுத்த விசுவாசத்தைத் தூக்கி எறிஞ்சுட்டா"ன்னு நினைக்கிறாங்க, சித்தி "நான் இப்பதான் விசுவாசத்துக்கே வந்தேன்"னு நினைக்கிறாங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேருக்கும் வலிக்குது.

இந்த வலிக்கு 1700 வருஷத்துக்கு மேல வயசு. 250கள்ல கார்த்தேஜ் ஆயரா இருந்த சிப்ரியான், பிரிஞ்சு போன கூட்டத்துல எடுத்த ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்ல, திரும்பி வந்தா புதுசா கொடுக்கணும்னு சொன்னாரு, ரோமாபுரி ஆயர் ஸ்தேவான் வேண்டாம் அது செல்லும்னு சொன்னாரு. பிறகு 303ல ரோமப் பேரரசர் டயோகிளீசியன் காலத்துல பெரிய துன்புறுத்தல் வந்து, வேதப்புத்தகங்களை அதிகாரிங்ககிட்ட ஒப்படைச்சவங்க ஒரு பக்கம், கொடுக்க மாட்டோம்னு நின்னு செத்தவங்க ஒரு பக்கம். துன்புறுத்தல் ஓய்ஞ்ச பிறகு வட ஆப்பிரிக்காவுல ஒரு கூட்டம், புத்தகத்தைக் கொடுத்த ஆயர் கைவச்சு ஏற்படுத்துன குருவானவர் செல்லாது, அவர் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லாது, தூய்மையா நின்ன நாங்கதான் உண்மையான சபைன்னு பிரிஞ்சு போச்சு, அவங்களைத்தான் தோனாத்துஸ் பிரிவினர்னு சொல்வாங்க. 314ல ஆர்ல் நகரத்துல சங்கம் கூடி அவங்களுக்கு எதிரா முடிவெடுத்தும் சண்டை நூறு வருஷம் போச்சு. வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் இதுக்குச் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பெறுமதியா தெரியுது, ஞானஸ்நானம் கொடுக்கிறது குருவானவர் இல்ல கிறிஸ்து, அதனால கொடுத்த ஆளு கெட்டவனா இருந்தாலும் வாங்குனவனுக்கு அது போகாது. ஒரு கத்தோலிக்கச் சாமியாரோ பாஸ்டரோ பிழை செஞ்சு அம்பலமானா "அவர்கிட்ட எடுத்த என் ஞானஸ்நானம் என்ன ஆகும்"னு இப்பவும் கேக்குறவங்க இருக்காங்க, அவங்களுக்கு இதுதான் பதில்.

1525ல சூரிச்சுல வேற ஒரு கூட்டம், வேதத்துல குழந்தை ஞானஸ்நானம் இல்லன்னு சொல்லி பெரியவங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, அவங்களைத்தான் அனபாப்டிஸ்ட்னு சொல்றது. அவங்கள்ல ஒருத்தரான பீலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில லிம்மாத் ஆத்துல முக்கியே கொன்னாங்க, கொன்னது ரோமாபுரி கத்தோலிக்க சபை இல்ல, சீர்திருத்தம் பேசுன புரட்டஸ்தாந்து நகரசபை. தண்ணியைப் பத்தி விவாதம் பண்ணுறவங்க இந்தப் பேரை மறக்கக் கூடாது.

எவ்வளவு தண்ணிங்கிறதுக்கு மட்டும் அவ்வளவு அடிச்சுக்க வேண்டியதில்லன்னு நினைக்கிறேன். திதாக்கேன்னு ஆதிச்சபை காலத்து கைநூல் ஒண்ணு இருக்கு, அது ஓடுற தண்ணியில கொடு, அது இல்லாட்டி வேற தண்ணி, ரெண்டும் போதாட்டி தலையில மூணு தடவை ஊத்துன்னு சொல்லுது, அப்பவே ரெண்டுக்கும் இடம் இருந்திருக்கு. கண்டிக்குப் பக்கத்துல பிலிமத்தலாவையில 1963ல தொடங்குன இறையியல் கல்லூரியையும் பாருங்க, அங்க அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் எல்லாரும் சேர்ந்துதான் போதகர் படிப்பு படிக்கிறாங்க, சிங்களத்துலயும் தமிழ்லயும். குழந்தைக்குக் கொடுக்கிறவனும் கொடுக்கக் கூடாதுங்கிறவனும் ஒரே மேசையில சாப்பிட்டுப் படிச்சு வெளிய வந்து அவனவன் சபையில அவனவன் முறைப்படி செய்யுறான், அது நடக்கத்தான் செய்யுது.

அடுத்தது "இரட்சிக்கப்பட்டீங்களா?" பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவரே கேப்பாரு, எந்தத் தேதின்னும் கேப்பாரு. யோவான் 3ஆம் அதிகாரத்துல இயேசு நிக்கொதேமுகிட்ட மறுபடியும் பிறக்கணும்னு சொன்னதை வச்சுத்தான் இந்தக் கேள்வி. பழைய சபைகள் அதே அதிகாரம் 5ஆம் வசனத்துல "ஜலத்தினாலும் ஆவியினாலும்"னு இருக்கிறதைக் காட்டி, அந்த மறுபிறப்பு ஞானஸ்நானத்துலயே நடந்துருச்சுன்னு சொல்லும், புதிய சபைகள் ஒவ்வொருத்தனும் தன் வாழ்க்கையில உணர்ந்து மனந்திரும்புற ஒரு நேரம் இருக்கணும்னு சொல்லும். இதுல மெதடிஸ்ட் சபையைத் தொடங்குன ஜோன் வெஸ்லி கதை முக்கியம். அவர் 1728லயே அங்கிலிக்கன் குருவானவர், ஜெபம், உபவாசம், ஜெயிலுக்குப் போயி கைதிகளைப் பார்க்கிறதுன்னு எல்லாம் செஞ்சவர், ஆனா 1738 மே 24 ராத்திரி லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு கூட்டத்துல உக்காந்து ரோமருக்குப் பவுல் எழுதுன கடிதத்துக்கு சீர்திருத்தவாதி லூத்தர் எழுதுன முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டப்பதான் கிறிஸ்து தன் பாவத்தை எடுத்துப் போட்டாருங்கிற நிச்சயம் தனக்கு வந்துச்சுன்னு எழுதி வச்சாரு. அதுக்கு முந்தி தான் உண்மையா மனந்திரும்பினவனே இல்லன்னும் எழுதியிருந்தாரு, வயசான காலத்துல அந்த நாட்குறிப்பைத் திரும்ப அச்சடிக்கும்போது அந்த இடத்துல "இது எனக்கு நிச்சயமில்லை"ன்னு குறிப்பு போட்டாரு. தன்னைப் பத்தியே, தான் அப்ப உண்மையான கிறிஸ்தவனா இல்லையான்னு அவ்வளவு பெரிய மனுஷனால முடிவா சொல்ல முடியல. பக்கத்து சீட்டுக்காரரைப் பத்தி நம்ம எப்படிச் சொல்றது.

விசுவாசமா கிரியையா, அதாவது நம்பிக்கையா நற்செயலாங்கிறது இதோட ஒட்டிப் பிறந்தது. ரோமர் 3:28 மனுஷன் நியாயப்பிரமாணக் கிரியை இல்லாம விசுவாசத்தாலே நீதிமானாக்கப்படுறான்னு சொல்லுது, யாக்கோபு 2:24 விசுவாசத்தாலே மாத்திரம் இல்ல கிரியைகளாலயும்னு சொல்லுது. 1517ல லூத்தர் தொடங்கி வச்ச பிளவுக்கு நடுவுல நின்னது இந்த ரெண்டு வசனம், லூத்தருக்கு யாக்கோபு நிருபத்து மேல பெரிய மரியாதை இல்ல, அதை வைக்கோல் நிருபம்னே சொன்னாரு, 1547ல கத்தோலிக்க ஆயர்கள் கூடுன திரெந்து சங்கம் கத்தோலிக்கப் பக்கத்து பதிலைக் கொடுத்துச்சு. நம்ம பக்கம் இன்னும் இதை வச்சு அடிச்சுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் போய்ச் சேரவே இல்ல. 1999 அக்டோபர் 31 ஜெர்மனி ஆக்ஸ்பர்க் நகரத்துல கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக அமைப்பும் உக்காந்து, நம்ம நற்கிரியையால இல்ல, கிருபையாலயும் கிறிஸ்து மேல வச்ச விசுவாசத்தாலயுமே கடவுள் நம்மை ஏத்துக்கிறார், அந்தக் கிருபை நம்மை நற்கிரியைக்குத் தயார்படுத்துதுன்னு சேர்ந்து கையெழுத்துப் போட்டாங்க. 2006ல மெதடிஸ்ட் உலக மன்றமும் 2017ல சீர்திருத்த சபைகளும் அதுல சேர்ந்துக்கிட்டாங்க. எல்லா வித்தியாசமும் தீர்ந்துச்சுன்னு யாரும் சொல்லல, ஆனா "கத்தோலிக்கர் கிரியையால இரட்சிப்பு வாங்கப் பார்க்கிறாங்க"ன்னு மேடையில பேசுறவர் இந்தக் கையெழுத்தைப் பத்தித் தெரிஞ்சுட்டுப் பேசணும்.

எதை நம்பணுங்கிறதுல பழைய கோடு ஒண்ணு தெளிவா இருக்கு. அலெக்சாந்திரியாவுல ஆரியுஸ்னு ஒரு குருவானவர், குமாரன் பிதாவால படைக்கப்பட்டவர், அவர் இல்லாத காலம் ஒண்ணு இருந்துச்சுன்னு போதிச்சாரு, 325ல நிசேயாவுல ஆயர்கள் கூடி, இல்ல குமாரன் பிதாவோட ஒரே தன்மையானவர், பிறந்தவர், படைக்கப்பட்டவர் இல்லன்னு அறிக்கை எழுதினாங்க. 381ல கொன்ஸ்தாந்திநோபிள்ல அது இன்னும் விரிஞ்சு, ஞாயிறு பூசையிலயும் ஆராதனையிலயும் சொல்ற விசுவாசப் பிரமாணமா நமக்கு வந்திருக்கு. பெந்தெகொஸ்தே சபையில இதை வரிக்கு வரி சொல்ல மாட்டாங்க, ஆனா பெரும்பாலான சபைகள் நம்புறது இதைத்தான். அம்மாச்சியும் மாமாவும் சித்தியும் இந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் நிக்கிறாங்க, அதை மூணு பேரும் கவனிக்கிறதே இல்ல. யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை, அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கிறதை, ஏத்துக்காததால மத்த சபைகள் அவங்களைக் கிறிஸ்தவத்துக்கு வெளியனு சொல்லும், அவங்களும் மத்த சபைகளைப் பொய் மதம்னுதான் சொல்வாங்க. பெந்தெகொஸ்தேக்குள்ளயே இயேசு நாமத்துல மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கிற ஒரு பிரிவு 1910கள்ல அமெரிக்காவுல பிரிஞ்சுச்சு, அவங்களும் திரித்துவத்தை ஏத்துக்கிறதில்ல. ஒரு சபைக்குப் புதுசா போறவங்க இந்த ஒரு விஷயத்தை மட்டும் வெக்கப்படாம நேரா கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

அந்நிய பாஷை, அதாவது ஆவியால வருதுன்னு நம்பி தனக்கே தெரியாத மொழியில பேசுறது, பத்தி ஒரு திருத்தம் மட்டும். 1906ல லொஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவுல அடிமைகளா இருந்தவங்களோட மகன் வில்லியம் சீமோர் நடத்துன கூட்டங்கள்ல இருந்துதான் பெந்தெகொஸ்தே இயக்கம் உலகமெல்லாம் பரவுச்சு. அசெம்பிளி மாதிரி சபைகள் சொல்றது, அந்நிய பாஷை ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம்னு, இரட்சிப்புக்கு அடையாளம்னு இல்ல. "பாஷை பேசாதவன் கிறிஸ்தவனே இல்ல"ன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா அது பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளோட போதனையே கிடையாது, எல்லாரும் அந்நிய பாஷைகளைப் பேசுகிறார்களான்னு பவுலே 1 கொரிந்தியர் 12ல கேக்குறாரு.

இப்ப எனக்கு நெஞ்சுல நிக்கிற கேள்வி, வாழ்க்கை. மத்தேயு 7ல இயேசு, கர்த்தாவே கர்த்தாவேன்னு சொல்றவன் எல்லாம் பரலோக ராஜ்யத்துக்குள்ள வர மாட்டான்னு சொல்லிட்டு, உம்முடைய நாமத்துல பேய் துரத்தினோமே அற்புதம் செஞ்சோமேன்னு சொல்றவங்களையும் ஒருக்காலும் உங்களை அறியலன்னு அனுப்புறாரு. மத்தேயு 25ல கேக்குறது பசியா இருந்தேன், சாப்பாடு கொடுத்தியா, நோயா இருந்தேன், வந்து பார்த்தியான்னு. எந்த சபைன்னு அங்க கேள்வியே இல்ல. இதை மலையகத்துல நின்னு வாசிக்கும்போது வேற மாதிரி கேக்குது. டிக்கோயாவுல காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேல 1878ல கட்டுன வார்லி சர்ச்சைப் பார்க்க இன்னைக்கும் டூரிஸ்ட் வர்றாங்க, ரொம்ப அழகான கல் கட்டடம், வெள்ளைக்காரத் தொரைமார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த இடம். அதே காலத்துல நம்ம ஆளுங்க இருந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா. தமிழ்த் தொழிலாளிகளுக்கு சுவிசேஷம் சொல்ல 1854ல தொடங்குன தமிழ்க் கூலி மிஷனுக்குக் காசு கொடுத்ததும் அந்த கோப்பித் தோட்டத்துத் தொரைமார்தான். அவங்க விசுவாசப் பிரமாணம் சரி, ஞானஸ்நானம் சரி, காணிக்கையும் கொடுத்தாங்க. பணக்காரன் வாசலுக்கு வெளிய ஏழை லாசரு கிடந்தானேன்னு லூக்கா 16ஐ வாசிச்ச நாள்ல அவங்களுக்குத் தோணுச்சான்னு நான் இன்னும் யோசிக்கிறேன். அதே பக்கம் கண்டியில இயேசு சபைங்கிற கத்தோலிக்கத் துறவிகள் கூட்டத்து குருவானவர் போல் காஸ்பர்ஸ் 1972ல சத்யோதயம்னு ஒரு நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளிகளோட உரிமைக்கும் சிங்கள தமிழ் மக்கள் சேர்ந்து வாழுறதுக்கும் காலம் முழுக்க உழைச்சாரு. இவர் எந்த சபைங்கிறதைவிட இவர் செஞ்சதுதான் எனக்கு முன்னாடி வந்து நிக்குது, ஆனா செயல் மட்டும் போதும், நம்பிக்கை எதுக்குன்னு நான் சொல்ல வரல, அவரை அங்க கொண்டுபோய் நிறுத்துனதே அவரோட விசுவாசம்தான்.

யாரு தீர்மானிக்கிறதுங்கிறதுக்கும் நம்ம நாட்டுலயே கதை இருக்கு. டச்சுக்காரன் கரையோரத்தைப் பிடிச்சதும் கத்தோலிக்கத்தைத் தடை பண்ணினான், ரெண்டு பக்கமும் கிறிஸ்தவங்க. கோவாவுல இருந்து 1687ல வந்த யோசேப் வாஸ் அடிகளார் ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊழியம் செஞ்சுட்டு 1692ல கண்டிக்கு வந்தாரு, அங்க இருந்த பிரெஞ்சு புரட்டஸ்தாந்துக்காரர் ஒருத்தர் இவர் போர்த்துக்கீச ஒற்றன்னு சொல்லிக்கொடுக்க, அரசன் அவரைச் சிறையில வச்சான். பிறகு அவரை விடுதலை பண்ணி, ஊழியம் செய்ய இடம் கொடுத்து, கடைசி வரைக்கும் பாதுகாத்தது கண்டியோட பௌத்த அரசர்கள். 1711ல கண்டியிலதான் இறந்தாரு, 2015ல பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடல்ல அவரைப் புனிதரா அறிவிச்சாரு. அதே கத்தோலிக்க சபைக்குள்ள 1997ல திஸ்ஸ பாலசூரிய அடிகளார் எழுதுன ஒரு புத்தகத்துக்காக அவரைச் சபைக்கு வெளிய தள்ளினாங்க, அடுத்த வருஷமே திரும்ப ஏத்துக்கிட்டாங்க. கத்தோலிக்கத்துல இந்தத் தீர்மானம் ஆயர்கள், பாப்பரசர் கையில, வேதமும் மரபும் சேர்ந்து. புரட்டஸ்தாந்துல வேதமே கடைசி அதிகாரம், ஆனா வேதத்துக்கு இதுதான் அர்த்தம்னு யாரு சொல்றதுங்கிற இடத்துல ஒரு சபை ரெண்டாகும். தனி பாஸ்டர் நடத்துற சின்ன சபையில அவர் சொல்றதே முடிவாயிருது, இதுதான் ரொம்ப ஆபத்துன்னு நினைக்கிறேன், ஏன்னா அவரைக் கேள்வி கேட்டவனை "நீ உண்மையான விசுவாசி இல்ல"ன்னு சொல்லிட்டா மேல போய் முறையிட அங்க ஆளே இல்ல.

பொட்டு, பூ, தாலி, தப்பு விஷயம். கத்தோலிக்கப் பொம்பளைங்க பொட்டு வைப்பாங்க, தாலியில சிலுவையோ புறாவோ இருக்கும். பெந்தெகொஸ்தே சபைகள் பலதுல நகையே கூடாது, 1 தீமோத்தேயு 2:9ஐயும் 1 பேதுரு 3:3ஐயும் காட்டுவாங்க. சாவு வீட்டுல தப்பு அடிக்கலாமா, மாசி மாசம் காமன் கூத்து பார்க்கப் போகலாமா, தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுல கொடுத்த பலகாரம் சாப்பிடலாமா, எல்லாம் அந்த எருசலேம் சங்கத்துக் கேள்விதான், கிறிஸ்தவனாக முதல்ல வேற ஆளா மாறணுமா? பவுல் 1 கொரிந்தியர் 8லயும் ரோமர் 14லயும் இதுக்கு ரொம்பப் பொறுமையா பதில் சொல்றாரு, விக்கிரகம் ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சவன் சாப்பிடலாம், ஆனா தன் சாப்பாட்டால பலவீனமான சகோதரனை விழ வைக்கக் கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுறவனைக் குற்றவாளியா தீர்க்கக் கூடாது. சித்தி பொட்டைக் கழட்டினது அவங்க மனசாட்சி, அதை மதிக்கணும், அம்மாச்சி பொட்டைப் பார்த்து அவங்க விசுவாசத்தை அளக்கிறதுக்கு அந்த மனசாட்சி அதிகாரம் கொடுக்கல.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்லயும் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயில்லயும் மட்டக்களப்பு சீயோன் சபையிலயும் குண்டு வெடிச்சுச்சு. ரெண்டு கத்தோலிக்கம், ஒண்ணு சுவிசேஷ சபை. அந்த வாரம் பூரா யாரும் யாருக்கும் எந்த ஞானஸ்நானம்னு கேக்கல. அது ஏன் மறந்து போச்சுன்னு எனக்கு வருத்தம் இருக்கு.

கடைசியா, இந்த விவாதமெல்லாம் நிஜமா வந்து இடிக்கிற ரெண்டு இடம் கல்யாணமும் சாவும், அதைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டா நிறைய மனவருத்தம் மிச்சமாகும். கத்தோலிக்கப் பையன் மெதடிஸ்ட் பொண்ணைக் கட்டுறதுன்னா, பொண்ணு ஞானஸ்நானம் எடுத்தவதானே, ஆயர்கிட்ட அனுமதி வாங்கினா போதும், மதம் மாறணும்னு சட்டம் இல்ல. பொண்ணு ஞானஸ்நானமே எடுக்காத சைவப் பொண்ணுன்னா அனுமதி போதாது, தனியா விதிவிலக்கு வாங்கணும், அதுக்கும் வழி இருக்கு. ரெண்டுலயும் கத்தோலிக்கப் பக்கத்து ஆளு, தன் விசுவாசத்தை விட மாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கரா வளர்க்க என்னால முடிஞ்சதைச் செய்வேன்னு வாக்குக் கொடுக்கணும், அது மத்தவருக்கும் தெரிஞ்சிருக்கணும். பெந்தெகொஸ்தே சபைகள் சிலது 2 கொரிந்தியர் 6:14ல அவிசுவாசியோட பிணைக்கப்படாதேன்னு இருக்கிறதைக் கத்தோலிக்கருக்கும் சேர்த்தே சொல்லும், அப்ப முழுக்கு எடுக்காட்டி பாஸ்டர் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டாரு. அதனால கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே சாமியாரையும் பாஸ்டரையும் போய்ப் பாருங்க, பிள்ளைக்கு எந்த முறையில ஞானஸ்நானம்னு அப்பவே பேசி முடிங்க. சாவுக்கும் அப்படித்தான், வீட்டுல பெரியவங்க உயிரோட, நல்ல நினைவோட இருக்கும்போதே உங்களை யாரு அடக்கம் பண்ணணும், செபமாலை சொல்லணுமா, மெழுகுவர்த்தி வைக்கலாமா, தப்பு அடிக்கலாமான்னு கேட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னாடி சொல்ல வச்சிருங்க, அவங்க சொன்னபடியே செய்ங்க, உங்க சபை வேறயா இருந்தாலும்.